திரும்பாத சாவி

"என் வீட்டுக்காரிதான் இதக் கெடுத்துட்டாக்கா" என்று வாட்ச்சைக் கழற்றி வைத்தான் காளீஸ்வரன்.

விருதுநகர் பஜாரில் வாட்ச் ரிப்பேர் கடை நடத்தும் கனகமணி நிமிர்ந்து பார்த்தாள். "என்ன தம்பி செஞ்சுச்சு?"

"காலையில சாவி கொடுத்தா திரும்பவே மாட்டேங்குது. ஒரு வாரமா இதே பாடு. அவ தீப்பெட்டி ஒட்டுற பசையத் தடவிட்டான்னு நினைக்கேன்."

"உங்க மேல அம்புட்டுக் கோவமா?"

கோபம்தான். நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில், மருந்து கலக்கும் அறைக்குக் காளீஸ்வரன்தான் போர்மேன். செல்போன், பேட்டரி வாட்ச் எதையும் உள்ளே விட மாட்டார்கள். வெயில் ஏறினால் மருந்து தானே பற்றிக்கொள்ளும்; அதற்குள் கலவையை முடித்து எல்லோரும் வெளியே வர வேண்டும். அதற்கு இந்தச் சாவி வாட்ச்சை விட்டால் வேறு வழியில்லை.

அந்த வேலையே வேண்டாம் என்றாள் அவன் மனைவி யோகேஸ்வரி. சீசன் முடியட்டும் என்றான் இவன். அன்றிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபித்துக்கொண்டு சாத்தூருக்கு, அம்மா வீட்டுக்கே போய்விடுவாளோ என்ற பயம் வேறு.

"வாட்ச் ஓடலன்னா வேலைக்குப் போக மாட்டேன்னு நினைச்சிருக்கா" என்றான்.

கனகமணி மூடியைத் திறந்தாள். பசையும் இல்லை, துருவும் இல்லை. ஸ்பிரிங்கைத் தளர்த்திவிட்டுச் சாவி கொடுத்தாள். சமர்த்தாகச் சுற்றியது.

"சாவி திரும்பலன்னீகளே, அன்னைக்கெல்லாம் வாட்ச் நின்னுச்சா?"

"இல்லக்கா. நல்லாத்தான் ஓடுச்சு."

"சாவி கொடுக்காம எப்படித் தம்பி ஓடும்? நீங்க தொடுறதுக்கு முன்னாடியே யாரோ முழுச் சாவி கொடுத்திருக்காக. அதுக்கு மேல எங்கன திரும்ப?"

காளீஸ்வரன் வாட்ச்சை வாங்கிக் கையில் கட்டினான். வீட்டில் இருப்பதே அவனும் யோகேஸ்வரியும்தான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டுவிட்டான். "வாட்ச்சுக்கு நீயா சாவி கொடுக்க?"

யோகேஸ்வரி அடுப்பை விட்டுத் திரும்பவில்லை. "ஆமா. நீங்க குளிக்கப் போறப்ப கொடுத்துருவேன். அவசரத்துல மறந்துட்டுப் போயிருவீகளே."

பேசிவிட்டாள். அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"என் மேலதான் கோவமா இருந்தியே?"

"இப்பவும் கோவந்தான். வாட்ச் பாதியில நின்னு, வெயில் ஏறுனது தெரியாம நீங்க உள்ளயே இருந்துட்டா, அப்புறம் நான் யாருகிட்டப் போய்க் கோவப்பட?"