உறுமுகிறவன்

வாப்பா சாய்கதிரையிலும் உம்மா கட்டிலிலும் தங்கச்சி ஸஹ்றா குசினி வாசலிலும் இருந்தார்கள். நான் கடிதத் தாளோடு மேசையில் இருந்தேன். எங்கள் குழுவின் சிம்பொனிக் மெட்டல் அல்பத்தை வாப்பாவுக்கு முழுசாகப் போட்டுக் காட்டியிருந்தேன். வெளியிடுகிற கம்பனி கேட்ட சம்மதக் கடிதத்தில் வாப்பா கையெழுத்து வைத்தால்தான் அதன் அட்டையில் எங்கள் பெயர் வரும்.

"வயலின் நல்லம். டிரம்ஸ்தான் காதுக்குள்ள ஆணி அடிக்குது," என்றார் வாப்பா.

"கரடி மாதிரி உறுமுற குரல்?" ஸஹ்றா தலையில் போட்டிருந்த சோல் நுனியைத் திருகினாள்.

"அதுதான் உசிரு. அவன் கலியாணம் முடிச்சிட்டானா? ஒனக்குக் கேப்பம். இந்த வீட்டச் சீதனமா எழுதிக் குடுக்கிறன்."

உம்மா எழும்பி மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார்.

ஸஹ்றா அதே கரடிக் குரலில் உறுமினாள். "அது நான்தான் வாப்பா."

வாப்பா எழும்பி வெளிவாசல் படலை வரை நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார்.

"தாளக் கொண்டா மகன். மாப்பிள்ளயா வாறவன் முதல்ல இதக் கேட்டுட்டு வரட்டும்."

கையெழுத்துக் காயுமுன் உறையை ஒட்டித் தபாலில் சேர்த்தேன்.