இன்னும் ஈரம்

தகரக் கொட்டகைக்குள் மாலை வெயில் சாய்வாக விழுந்து, சுவரை ஒட்டி அடுக்கிய விறகின் வெட்டு முகங்களை மஞ்சளாக்குகிறது. போன வருஷம் அவள் கணவன் பிளந்து, காற்றுப் போக இடைவெளி விட்டு அடுக்கிய விறகு அது. அடுக்கி முடித்த மறுவாரமே நெஞ்சுவலி வந்து அவன் போய்விட்டான். மாமனார் இரண்டு கட்டைகளை உருவி ஒன்றோடொன்று தட்டுகிறார். ஈர விறகானால் சத்தம் அமுங்கிப்போகும். இது கணீரென்று கேட்கிறது. நடுவிலிருந்து ஓடும் வெடிப்புகளைக் கட்டைவிரலால் தடவுகிறார். பட்டை தானாகவே கழன்று விழுகிறது.

“நல்லா காஞ்சிருச்சும்மா. இன்னைக்கு எடுத்துக்கலாமா?”

“இன்னும் ஈரம் இருக்கு மாமா,” என்கிறாள் அவள், தரையைப் பார்த்தபடி.

வாழ்நாளெல்லாம் மரம் அறுத்தவர் அவர். கட்டையின் எடையே அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும். இருந்தும், “ஆமாம்மா, இருக்கத்தான் செய்யுது,” என்று கட்டைகளை உருவிய இடத்திலேயே பதமாகச் செருகுகிறார். வாசலோரம் கிடக்கும் பச்சை விறகில் நான்கைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போகிறார். சற்றைக்கெல்லாம் அடுப்படி ஜன்னல் வழியே வெள்ளைப் புகை சுருண்டு வருகிறது. அவர் இருமத் தொடங்குகிறார். இருமல் நிற்பதாயில்லை.

அவள் அடுக்கின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு கணம் நிற்கிறாள். பிறகு மேல் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அடுப்படிக்குள் நுழைகிறாள்.

“நகருங்க மாமா. நான் பத்த வைக்கிறேன்.”