நளீபாவின் சிங்களம்

நளீபாவுக்குச் சிங்களம் துப்புரவாகத் தெரியாது என்று சரோஜினிதேவி அன்றைக்குத்தான் கண்டுபிடித்தார்.

பிறந்தது கொழும்பு வெள்ளவத்தை, வளர்ந்தது வெள்ளவத்தை. இருந்தும் இப்படியா என்று அவருக்கு ஆச்சரியம்.

மறியலில் கிடக்கும் பெண் கைதிகளைப் பற்றிய அந்தச் சிங்கள ரீவி நாடகம் தொடங்கியதிலிருந்து, புதன்கிழமை பின்னேரம் லேனில் ஈ காக்கை இராது. "களவெடுத்தவளும் புருஷனை வெட்டினவளும் குடுமிபிடிச் சண்டை. அதைப் பார்க்க இவ்வளவு ஆசையோ?" என்று எல்லோரையும் நக்கலடித்தவர் சரோஜினிதேவி. தன்னுடைய ரீவி பழுதானதும் ஒரு கூச்சமும் இல்லாமல் கீழ்மாடி நளீபா வீட்டுக்கு இறங்கி வந்துவிட்டார்.

அங்கே ரீவிக்கு முன்னால் பத்மாவதி இருந்தார். மேல்மாடி அறையொன்றில் வாடகைக்கு இருக்கிற யாழ்ப்பாணத்து மனுஷி. அவருடைய மகளைச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய், வழக்கும் இல்லாமல் விடுதலையும் இல்லாமல் பெண்கள் மறியலில் வைத்திருந்தார்கள். பிள்ளையை வெளியில் எடுக்கத்தான் தாய் கொழும்பில் அலைந்துகொண்டிருந்தார்.

'பெத்த பிள்ளை உள்ளுக்குக் கிடக்குது, இவவுக்கு மறியல் நாடகம் கேக்குதோ?' சரோஜினிதேவிக்கு மனம் ஒப்பவில்லை.

நாடகத்தில் பெண் ஜெயிலர், புதிதாக வந்த பெட்டையின் பையைப் பறித்து எறிந்தாள். "இங்கே உனக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை" என்று சிங்களத்தில் சீறினாள்.

"என்னவாம் சொல்லுறா?" பத்மாவதி கேட்டார்.

"'மகளே, என்ன ஒன்ட தாய் மாதிரி நெனச்சுக்கோ'ண்டு செல்லுறா" என்றார் நளீபா.

சரோஜினிதேவி செருமினார். நளீபாவின் கணவர் மஷூர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெட்டை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். மருந்து கேட்டும் ஒருவரும் தரவில்லை என்று பக்கத்தில் கிடந்தவளிடம் அழுதாள்.

"ஏனாம் அழுகிறாள்?"

"சோறு கூடிப் போச்சாம். இனி அளவாத் தின்னணுமாம்."

அதற்குமேல் சரோஜினிதேவியால் பொறுக்க முடியவில்லை. அரசாங்கக் கந்தோரில் சிங்களச் சோதனையை முதல் தரமே பாஸ் பண்ணியவர் அவர். பென்ஷன் எடுத்த பிறகும் அந்தக் கதையைச் சொல்லாத நாளில்லை. விளம்பரம் வந்ததும் நளீபாவுக்குப் பின்னால் குசினிக்குள் போனார்.

"நளீபா, சிங்களம் விளங்காட்டி என்னை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?"

நளீபா பிளேன்ரீக்குச் சீனி போட்டபடி குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு நல்லா வெளங்குது அக்கா. அவங்களுக்குத்தான் வெளங்கக் கூடாது. மொத நாள் ரீவிய மூடத்தான் பாத்தேன். மகள் ஈக்கிற எடம் எப்பிடீண்டு ஒருக்காப் பாக்கணும்ண்டு கெஞ்சினாங்க. படத்த மறைக்க ஏலாதே. பேச்சையாச்சும் மாத்துவோம்ண்டு..."

சரோஜினிதேவிக்குக் கோபம்தான் வந்தது.

"இது பெரிய பாவம். தாய்க்காரிக்கு உள்ளது தெரியத்தானே வேணும்? பொய்யைச் சொல்லி ஏன் அந்த மனிசியைப் பேய்க்காட்டுறியள்?"

"செல்லிராதீங்க அக்கா. ராவைக்குக் கொஞ்சமாவது அவங்க தூங்கணும்."

"பொய்யிலை வாற நித்திரையும் ஒரு நித்திரையே?"

நாடகம் முடிந்ததும் பத்மாவதி பாண் வாங்கப் புறப்பட்டார். சரோஜினிதேவியும் பின்னாலேயே நடந்தார். உண்மையைத் தான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லுவது? எப்படித் தொடங்குவது என்று வாய்க்குள் ஒத்திகையும் பார்த்துக்கொண்டார்.

லேன் முனையில் சிங்கள முதலாளி ஒருவரின் கடை. பத்மாவதி பாணை விரலால் அழுத்திப் பார்த்தார். நேற்றையப் பாண். உடனே முதலாளியைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கத் தொடங்கிவிட்டார்.

அத்தனையும் சிங்களத்தில். மூச்சு விடாமல், பழமொழியும் பகிடியும் கலந்த நாட்டுப்புறச் சிங்களம். சோதனை பாஸ் பண்ணிய சரோஜினிதேவிக்கே பாதிதான் விளங்கியது. முதலாளி சிரித்துக்கொண்டே புதுப் பாணை எடுத்துக் கொடுத்தார்.

திரும்பிய பத்மாவதி, சரோஜினிதேவியைக் கண்டு திடுக்கிட்டுப் போனார்.

"உங்களுக்குச் சிங்களம் தெரியுமே?"

"என்ரை மனுசன் ரயில்வேயிலை இருந்தவர், அக்கா. பொல்காவலை ஸ்டேஷன் குவாட்டர்ஸிலைதான் சிங்களச் சனத்தோடை கனகாலம் இருந்தனாங்கள். பிள்ளை பிறந்ததும் அங்கைதான்."

"அப்ப நளீபா சொல்லுறது முழுக்கப் பொய்யெண்டு..."

"முதல் நாளே விளங்கினது. நான் கேக்க முதலே, தானாத்தான் சொல்லத் தொடங்கினவ."

"விளங்கியும் பிறகேன் ஒவ்வொண்டாக் கேக்கிறியள்?"

பத்மாவதி பாணை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது.

"தெரியுமெண்டு அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, அக்கா. பாக்கப் போனால் பிள்ளை கம்பியைப் பிடிச்சு அழுதுகொண்டு நிக்குது. லோயர் கையை விரிக்கிறார். என்ரை பிள்ளைக்கு அங்கை ஒரு குறையும் இல்லையெண்டு சொல்ல, இந்தக் கொழும்பிலை எனக்கு நளீபா ஒருத்திதான் இருக்கிறா."