சுரங்க வாசலில் யோகராணி அக்கா

மேக்கப் போடுகிற பெட்டை ஈரப் பஞ்சோடு நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனதும் யோகராணி அக்கா அவளுடைய கையை எட்டிப் பிடித்துவிட்டார்.

பிடித்தது பிடித்ததுதான். விடவில்லை.

"பொட்டை அழிக்க விடமாட்டன் எண்டு சொல்லு, யூஜினி."

அக்காவுக்கு இங்கிலீஷ் வராது, நான்தான் சொல்லவேணும். அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்ததே நான்தான். தொழிற்சாலையில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து மெஷின். சினிமாப் படப்பிடிப்பில் சும்மா கூட்டத்தோடு நின்றால் போதும், ஒருநாளாவது சிரித்துவிட்டு வருவோம் என்று ஆசை காட்டி, கனடாவில் நாங்கள் இருக்கிற மல்வேர்னில் பஸ் ஏற்றிக்கொண்டு வந்தேன். என் வாயைத் தைக்க வேண்டும்.

ஸ்காபரோவுக்கு அங்கால், கைவிட்ட கல்லுக் குவாரிக்குள் பலகையால் ஒரு ஊரையே கட்டி வைத்திருந்தார்கள். நூறு வருடத்துக்கு முந்திய மேற்குக் கனடாவாம். ரயில் வந்ததை நம்பி நிலக்கரிச் சுரங்கம் தோண்டி, சுரங்கத்தை நம்பி நாலு கடையும் ஒரு சாராயக் கொட்டிலும் முளைத்த பட்டணம். அன்றைய காட்சி சுரங்க விபத்து. முகத்தில் கரி பூசினால் வெள்ளையென்ன, நாங்களென்ன, எல்லாரும் ஒரே நிறம்தானே. அதுதான் எங்களையும் எடுத்தார்கள்.

கூட்டத்தோடு நின்றிருந்தால் ஒரு வில்லங்கமும் இல்லை. டிரெக்டர் அக்காவின் கண்ணைப் பார்த்துவிட்டார். வெளியே கொண்டுவரும் சவத்தின் துணியை விலக்கிப் பார்த்துக் கதறுகிற மனைவி இவர்தானாம்.

அந்தக் காலத்து வெள்ளைக்காரிக்கு ஏது பொட்டு?

மேக்கப்காரிக்கு அது வெறும் சிவப்புப் புள்ளி. அக்காவுக்கு அது புருஷன் உயிரோடிருக்கிறார் என்ற நம்பிக்கை. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டைக்குள் ஊரில் வீட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டு போன ஸ்ரீஸ்கந்தராசா அண்ணையைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. சனம் என்னென்னவோ கதைத்தது. அக்கா ஒருநாளும் பொட்டில்லாமல் வாசல்படி தாண்டியதில்லை.

நான் இங்கிலீஷில் எதையெதையோ உளறினேன். வெளிச்சம் போகிறதென்று டிரெக்டர் கத்தினார். கடைசியில் துணித் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டார்கள். பொட்டு உள்ளே ஒளிந்துகொண்டது. அப்பாடா!

"அக்ஷன்!"

சுரங்கத்து ஆபத்துச் சங்கு ஊதியது. புகை எழும்பியது. நாலு பலகைகளில் நாலு சவங்களைச் சுமந்துவந்து நிலத்தில் வரிசையாக இறக்கினார்கள்.

நடிப்புக்கென்றாலும் அக்கா ஒரு சவத்தின் முன்னால் கதறிவிட்டால், நாளைக்கு விடிய எந்த மனதோடு பொட்டு வைப்பார்? மாதாவே, இந்த மனிசியைக் கதற விட்டுவிடாதே.

அக்கா முழந்தாளிட்டுத் துணியை விலக்கினார். உள்ளே கிடந்தது எங்களோடு பஸ்ஸில் வந்த வின்சன்ற். மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தான்.

அக்கா கதறவில்லை. முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு தலையை மெல்லத் திருப்பி, இடது காதின் பின்பக்கத்தை விரலால் துடைத்துப் பார்த்தார். துணியைப் பக்குவமாக மூடினார்.

எழும்பி அடுத்த பலகைக்குப் போனார். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

துணி. முகம். இடது காது.

அண்ணைக்கு இடது காதின் பின்னால் ஒரு மச்சம் இருக்கிறதென்று எனக்கு எப்போதோ சொல்லியிருக்கிறார். ஊரில் எத்தனை ஆஸ்பத்திரிப் பிரேத அறைகளில் இப்படிக் குனிந்து பார்த்தார் என்று சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

டிரெக்டர் "கட், கட்" என்று கத்தினார். அக்காவுக்குக் கேட்கவில்லை. மூன்றாவதையும் பார்த்தார். நாலாவதையும் பார்த்து மூடினார்.

தொப்பியைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். பொட்டு அப்படியே இருந்தது.

"ஒருத்தரும் அவரில்லை, பிள்ளை," என்றார்.

முகம் நிறையச் சிரித்துக்கொண்டு சொன்னார்.