தமிழ்ச்செல்வி எழுதிய புகார்

"மனு எழுதினது நீதானே?"

போலீஸ் ஸ்டேஷன் வாசலிலேயே வெள்ளைத்துரை தன் அண்ணன் மகள் தமிழ்ச்செல்வியை மறித்தார்.

"ஆமா சித்தப்பா, நான்தான் எழுதினேன்."

"பெத்த அப்பன் மேலயா? நீயெல்லாம் ஒரு மகளா?"

முந்தின நாள் மாலை, திருமங்கலம் ரோட்டில் அவள் அப்பா மொக்கச்சாமியின் கார் ஒரு பெண்ணை இடித்துவிட்டு நிற்காமல் வந்துவிட்டது. பார்த்தவர்கள் யாருமில்லை. வீட்டாருக்கு மட்டும் தெரியும்.

"அப்பன் ஆடு திருடினா மகன் மறைக்கிறதுதான் நேர்மைன்னு சீன ஞானி கன்பூசியஸ் சொன்னதா பட்டிமன்றத்துல பேசினியே. ஊரே கை தட்டுச்சு. அதெல்லாம் வாய்ப்பேச்சா?"

"யாருக்காகவும் பாக்காம அவனவன் மனசாட்சிப்படி முடிவெடுக்கணும்னு மேல்நாட்டுல சொல்றதையும் காலேஜ்ல நடத்துறேன் சித்தப்பா."

"உன் மனசாட்சிக்கு எங்க அண்ணன் ஜெயிலுக்குப் போகணுமா? அறுபத்தெட்டு வயசு! மனுவை வாபஸ் வாங்கு."

"அது என்னால முடியாது."

"ஏன் முடியாது?"

"ஏன்னா அது என் மனு" என்றபடி ஏட்டையாவுடன் மொக்கச்சாமி வெளியே வந்தார். "நான் சொல்லச் சொல்ல அவ எழுதினா. கையெழுத்துப் போட்டது நான்."

வெள்ளைத்துரை அண்ணன் கையைப் பிடித்து ஓரமாக இழுக்க, மொக்கச்சாமி உதறினார்.

"நேத்து நீ வந்து இவ மறைக்கணும்னே. இவ வீட்டுக்காரரு, நம்ம மாப்ள, போனைப் போட்டு, செல்வியே காட்டிக்குடுக்கணும்னாரு. இடிச்சது நான்டா! அம்புட்டுப் பேரும் அவ என்ன செய்யணும்னே கத்துனீங்க. 'நீங்க என்னப்பா செய்யப் போறீங்க'ன்னு என்னைக் கேட்டது இவ ஒருத்திதான்."