பத்து மணிக் கோரிக்கை

மருத்துவமனையின் பழைய கோப்புகளைத் தேடித்தரும் சர்வருக்குக் கடவுச்சொல் வைத்தது நான்தான். பெயரும் கடவுச்சொல்லும் பொருந்தினால்தான் அது பதில் சொல்லும்.

ஓய்வு பெற்ற பதிவறைக்காரர் ஒருநாள் தேடி வந்தார். "என் வீட்டுக்காரி போயி பன்னெண்டு வருஷமாச்சு. கடைசியா டாக்டர்கிட்ட அவ என்ன சொன்னான்னு ஒரே ஒரு தடவை பாத்துக்கறேம்மா. எனக்கும் ஒரு பாஸ்வேர்ட் குடேன்."

"ரூல்ஸ் இடம் குடுக்காது சார்."

"அதுவும் சரிதான்," என்று சிரித்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை பத்து மணிக்கு, அவர் பெயரில் ஒரு கோரிக்கை சர்வருக்கு வந்தது. மனைவியின் பெயரைத் தேடியிருந்தது. கடவுச்சொல் இருக்க வேண்டிய இடம் காலி. சர்வர் மறுத்துவிட்டது. தினமும் அதே நேரம், அதே மறுப்பு.

பதினெட்டாம் நாள் எனக்கு மனசு கேட்கவில்லை. அவருக்கு ஒரு கணக்குத் திறந்து கடவுச்சொல் போட்டேன். அதை யாரிடமும் சொல்லவில்லை, எங்கும் எழுதி வைக்கவுமில்லை.

மறுநாள் பத்து மணிக்கு வந்த கோரிக்கையில் அந்தக் கடவுச்சொல் இருந்தது. சர்வர் உள்ளே விட்டது. தேடிப் பார்த்து, எதுவும் கிடைக்கவில்லை என்று பதில் அனுப்பியது. பத்தாண்டுக்கு முந்தைய கோப்புகளை அதற்கு முந்தின வாரம்தான் நானே அழித்திருந்தேன். அழிக்கும் முன் அவற்றின் பெயர்ப் பட்டியலைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

பத்து மணி ஒரு நிமிடத்துக்கு அதே கேள்வி மறுபடி வந்தது. பத்து இரண்டுக்கும் வந்தது.