அண்ணியின் டெம்ப்ளேட்

டெம்ப்ளேட்டைக் காணவில்லை என்று கம்ப்யூட்டர் சொன்னது. நான் பெருமூச்சு விட்டேன், பக்கத்து மேஜைக்குக் கேட்கும்படி.

பக்கத்து மேஜையில் அண்ணி. என் அண்ணன் மனைவி. வீடு, கடைகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் இந்தச் சின்ன ஆபீஸ் எங்கள் இருவருடையது. ஒரே அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஃபேன். பேச்சுவார்த்தை மட்டும் இல்லை.

அண்ணி திரும்பவில்லை.

டெம்ப்ளேட் என்பது எந்தப் புது வரைபடத்துக்கும் முதலில் திறக்கும் தாள். சுவருக்கு எந்தக் கோடு, கதவுக்கு எந்தக் கோடு, எழுத்து எவ்வளவு பெரிது, அளவு மில்லிமீட்டரா அங்குலமா, எல்லாம் அதில் தயாராக இருக்கும். எங்களுடையதை அண்ணிதான் உட்கார்ந்து செய்தாள். அது இல்லாமல் எங்கள் இருவருக்கும் கை ஓடாது.

அதைக் காணாததால் சாஃப்ட்வேர் தன்னிடம் கிடந்த ஏதோ ஒரு தாளைத் திறந்து நீட்டியது. அங்குலத் தாள். மில்லிமீட்டரில் வரைந்திருந்த பேக்கரிக்காரரின் அடுப்பைக் கொண்டுவந்து அதில் வைத்தேன். அடுப்பு மட்டுமே தெருவை அடைத்துக்கொண்டு நின்றது.

பழைய வரைபடம் ஒன்றைத் திறந்து, உள்ளே இருப்பதை அழித்துவிட்டு வேலையைத் தொடங்கியிருக்கலாம். இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த குறுக்கு வழி. எனக்கு ஏனோ அது தோன்றவில்லை.

பேக்கரிக்காரர் மதியம் வருவார், புதுக் கடையின் வரைபடத்தை வாங்கிக்கொள்ள. அடுப்பறை மட்டும் பாக்கி. எங்கள் சண்டைக்கும் அவர்தான் காரணம். இல்லை, அவர் பாவம். காரணம் என் வாய்.

போன வாரம் அவர் முன்னாலேயே, அண்ணி போட்ட மாடிப்படியைக் காட்டி, "இதுல ஏறினா பன்னுக்கு ஒண்ணும் ஆகாது, தலைதான் பன்னு மாதிரி வீங்கும்" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. அளந்து பார்த்தால் தலை இடிக்கத்தான் செய்தது. அதில் கோபம் இரட்டிப்பானது.

அன்றிலிருந்து சிவப்பு மேகத்தில்தான் பேசிக்கொண்டோம்.

திருத்த வேண்டிய இடத்தைச் சுற்றி மேகம் மாதிரி ஒரு சிவப்புக் கோடு போட்டு, பக்கத்தில் குறிப்பு எழுதுவது எங்கள் வேலையில் வழக்கம். முதலில் ஒழுங்காகத்தான் போனது. 'கதவு வெளியே திறக்கட்டும்.' 'ஜன்னலை நகர்த்தவும்.' பிறகு யாரோ ஒருவரின் படுக்கையறைக்குள் 'ஃபேனைக் குறைக்கவும்' என்று ஒரு மேகம் வந்தது. நான் கவனிக்காமல் அப்படியே பிரிண்ட் எடுத்து அனுப்பிவிட்டேன். மேஸ்திரி போன் செய்து, இருப்பதே ஒரு ஃபேன், அதில் எத்தனையைக் குறைப்பது என்று கேட்டார்.

அதற்கும் அண்ணி சிரிக்கவில்லை. உதடு மட்டும் கொஞ்சம் கோணியது.

நேற்று மத்தியானம், பேக்கரியின் கல்லாவுக்குப் பக்கத்தில் இன்னொரு மேகம். 'ஒன்றாம் தேதியிலிருந்து வேறு ஆபீஸுக்குப் போகிறேன்.'

அண்ணி இல்லாத இந்த அறையை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. இன்று வந்து பார்த்தால் அவளுடைய முக்கோண ஸ்கேல் பைக்குள் போயிருந்தது. நாற்காலிக் குஷனும் பாதி உள்ளே போய், மீதி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் தேடினேன். ஆப்ஷன்ஸைத் திறந்தேன், மூடினேன். டெம்ப்ளேட் இருக்கும் பாதை சரியாகத்தான் இருந்தது, பாதையின் முடிவில் ஃபோல்டர்தான் காலி. மறைந்திருப்பதையெல்லாம் காட்டச் சொன்னேன், காட்டியது, அதிலும் இல்லை. ரீசைக்கிள் பின்னைக் கிளறினேன். மவுஸை மேஜையில் தட்டித் தட்டி, 'ஐயோ', 'போச்சு', 'கடவுளே' என்று இடைவெளி விட்டுவிட்டுச் சொன்னேன்.

அண்ணியின் முதுகு லேசாகக் குலுங்கியது. இருமலாக இருக்கும்.

பேக்கரிக்காரர் கிளம்பிவிட்டதாகப் போனில் செய்தி வந்தது. மானம் போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தேன்.

"அண்ணி, டெம்ப்ளேட்டக் காணோம்."

நாற்காலி மெதுவாகத் திரும்பியது. "எங்கெல்லாம் தேடின?"

ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒரு வாரத்துப் பேச்சும் அதிலேயே கொட்டியது. சொல்லி முடிக்கும்போது, சம்பந்தமே இல்லாமல், "அந்தப் படியப் பத்தி அவர் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாது, அண்ணி" என்றும் வந்துவிட்டது.

"தள்ளு" என்றாள். நின்றபடியே மவுஸைப் பிடித்தாள். "ஆப்ஷன்ஸ்ல உன் வாய மூட ஏதாவது இருக்கான்னு பாக்கணும்."

டெம்ப்ளேட் கிடைத்தது. அடுப்பு சுருங்கி, நல்ல பிள்ளையாக அடுப்பறைக்குள் போய் உட்கார்ந்தது. அண்ணி பையிலிருந்து குஷனை உருவி, தன் நாற்காலியில் போட்டு, இரண்டு தட்டுத் தட்டி உட்கார்ந்தாள். யாரும் சொல்லாமலே நான் எழுந்து ஃபேனைக் குறைத்தேன்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

அண்ணி ஆப்ஷன்ஸைத் திறக்கவே இல்லை. எங்கேயும் தேடவில்லை. நேராக, என் கம்ப்யூட்டரில் கிடந்த தன் கல்யாண போட்டோ ஃபோல்டருக்குள் போனாள், அதற்குள் 'மங்கலாக வந்தவை' என்ற ஃபோல்டரைத் திறந்தாள், டெம்ப்ளேட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அதை யாரும் திறக்க மாட்டார்கள் என்று நினைத்துத்தான், நேற்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போன பிறகு, நான் அங்கே ஒளித்து வைத்திருந்தேன்.